மிதிபடாத பெயர்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதை வைத்தே எங்கள் நகரின் குடியிருப்போர் சங்கத்தில் என்னைப் பிடித்துச் செயலாளராகப் போட்டார்கள். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். தீர்மானப் புத்தகத்தை வீட்டில் வைத்திருக்க வேண்டும், கூட்டம் நடந்தால் எழுத வேண்டும், எல்லாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். யார் என்ன சொன்னாலும் எழுதிவிடுவேன். எழுதி முடித்ததும் அந்தக் காரியமே முடிந்துபோன மாதிரி ஒரு திருப்தி வரும். அந்தத் திருப்தியைக் கொண்டுபோய் உடைப்பில்தான் போட வேண்டும்.

எங்கள் நகர் புதுக்கோட்டையிலிருந்து அரிமளம் போகிற ரோட்டில் இருக்கிறது. மனை போட்டு விற்றபோதே பூங்காவுக்கென்று ஓர் இடம் விட்டிருந்தார்கள். பூங்கா என்பதெல்லாம் வரைபடத்தில்தான். நேரில் பார்த்தால் செம்புறாங்கல் பொட்டல், ஓரத்தில் கருவேல முள், நடுவில் ஒரே ஒரு வேப்பமரம். மதில் கிடையாது, கேட் கிடையாது. தெருவும் பொட்டலும் ஒரே மட்டம். பகலில் மாடு மேயும், சாயங்காலம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு அம்பயர் என் எதிர்வீட்டுப் பெண். பதினாலு வயது. பிறந்ததிலிருந்தே கால் வராது, கையும் ஒன்றுதான் சரியாக வேலை செய்யும். அவள் அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். சிங்கப்பூர் போன அப்பன் முதலில் கொஞ்ச நாள் பேசினான், அப்புறம் போன் நம்பரையே மாற்றிவிட்டான். அவள் யாரிடமும் போய் மூக்கைச் சிந்தவில்லை. கலெக்டர் ஆபீஸ் முகாமில் மகளுக்குச் சக்கர வண்டி கிடைத்த அன்றைக்குச் சாயங்காலமே கடப்பாரை எடுத்துத் தன் வீட்டு வாசற்படியை உடைத்தாள். பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு வாங்கிய சிமெண்டைத் தானே குழைத்துச் சரிவாகப் பூசினாள். கோணல்மாணலாகத்தான் இருந்தது, ஆனால் வண்டி ஏறியது.

தினம் நாலரை மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்து நேரே வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவாள். செம்புறாங்கல் தரை இறுகிக் கிடக்கும், சக்கரம் புதையாது. அங்கே அந்தப் பெண் வாய் கொஞ்சம் குழறினாலும் அதிகாரம் பண்ணுவாளே, அதைப் பார்க்க வேண்டும்.

“அவுட்டுன்னா அவுட்டுத்தான்டா. பேட்ட வச்சிட்டுப் போ அங்கிட்டு!”

பையன்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள், அவளிடம் மட்டும் மறுபேச்சு பேச மாட்டார்கள். திரும்பிப் போகும்போது என் வாசலில் நிறுத்தச் சொல்வாள்.

“பெரியம்மா, தெரு கிரிக்கெட்டுல எங்கயுமே எல்பிடபிள்யூ கெடையாதாம். நாந்தான் கொண்டாந்திருக்கேன்.”

“அடேங்கப்பா, பெரிய ஆளுதான்டி நீ” என்பேன். மற்ற நேரமெல்லாம் அவளுக்கு ஓர் அறையும் ஒரு டிவியும்தான். அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு நாள் என்பதே.

இப்படி இருக்கும்போதுதான் பொட்டலைப் பூங்காவாக ஆக்கப்போவதாகவும், பொதுமக்களிடம் கருத்துக் கேட்டே வேலை தொடங்கும் என்றும் அரசாங்க நோட்டீஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேப்பமரத்தடியில் சாமியானா போட்டு, டீ, வடையோடு கூட்டம். ஓர் இளம் இன்ஜினியர் பெண் பெரிய சார்ட் பேப்பரைக் கொடிக்கயிற்றில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, “இது ஒங்க பார்க். ஒங்களுக்கு என்ன வேணும்னு நீங்கதான் சொல்லணும்” என்றாள்.

எங்களை வாழ்நாளில் யாராவது அப்படிக் கேட்டிருக்கிறார்களா? வீட்டில்கூட யாரும் கேட்டதில்லை. வாய் திறந்தவர்கள் மூடவே இல்லை. எட்டுப் போட்டு நடக்கத் தரையில் எட்டு வரைய வேண்டும் என்றார் ஒருவர், சுகருக்கு நல்லதாம். பிள்ளையார் இல்லாமல் என்ன பூங்கா என்றார் ஒருவர். வாசலில் ஆர்ச், உள்ளே ஜிம், நாலு மூலைக்கும் கேமரா. மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது, கிராவல் கொட்டித் தரையை உயர்த்துங்கள் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். நான் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தேன்.

எங்கள் சங்கத் தலைவர் ரெவின்யூ இலாகாவில் இருந்து ரிட்டையர் ஆனவர். இன்னும் தாலுகா ஆபீஸில் உட்கார்ந்திருப்பதாகத்தான் அவருக்கு நினைப்பு. கடைசியாக எழுந்து தொண்டையைச் செருமினார்.

“எத்தனை வசதி பண்ணாலும் மாடு வந்து மேஞ்சா எல்லாம் வீண். பைக்க உள்ள கொண்டாந்து நிப்பாட்டுவாங்க. அதனால வாசல்ல இங்கிட்டு ஒரு கம்பி, அங்கிட்டு ஒரு கம்பி, இரும்புக் குழாய் நட்டு வச்சிரணும். ஆளு மட்டும் ஒடம்ப வளைச்சு நொழையலாம். மாடு நொழையாது.”

அன்றைக்குப் பலமாகக் கை தட்டியது அதற்குத்தான். நானும் தட்டினேன், என் வாசலில் இருந்த குரோட்டன்ஸை மாடு மொட்டையடித்த எரிச்சல் எனக்கு. பின்வரிசையில் மகளின் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற எதிர்வீட்டுக்காரியும் தட்டினாள்.

கூட்டம் கலைகிற நேரத்தில் அவள் இன்ஜினியரிடம் போகாமல் என்னிடம் வந்தாள். படித்தவர்களிடம் பேச அவளுக்குக் கூச்சம்.

“அக்கா, வண்டி உள்ள போறதுக்கு மட்டும் வழி வச்சிரச் சொல்லுங்க. எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

நான் சத்தமாக இன்ஜினியரிடம் சொன்னேன். அந்தப் பெண் நல்லவள். “கண்டிப்பா. தரை ஒசந்தா படி வரும், படி வந்தா பக்கத்துல சாய்தளம் வந்தே ஆகணும். பட்டியல்ல போட்டுர்றேன்” என்றாள்.

“எழுதிட்டீங்களாக்கா?”

“எழுதிட்டேன்டி, இந்தா பாரு” என்று புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, மகளிடம் “பெரியம்மா எழுதிட்டாக” என்று சொல்லி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

மதில், படி, தரை, கம்பித் தடுப்பு எல்லாம் அரசுச் செலவு. மற்றதைக் குடியிருப்போர் உபயமாகத் தர வேண்டும். அந்தப் பட்டியலில் பெஞ்சு, ஆர்ச், விளக்கு, குடிதண்ணீர்த் தொட்டியோடு சாய்தளமும் இருந்தது. யார் எதை எடுத்துக்கொள்வது என்று பேச இரண்டாவது கூட்டம் தலைவர் வீட்டுப் போர்டிகோவில் நடந்தது. உபயம் தருகிறவர்களுக்கு மட்டும்தான் அழைப்பு. எதிர்வீட்டுக்காரி அதில் இல்லை.

உபயம் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன பாடு என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்தால் அதில் பாதிக்கு மேல் பெயர் எழுதிவிடுவோம், மிச்சத்தில்தான் வெளிச்சம் வரும். மின்விசிறி கொடுத்தால் இறக்கை மூன்றிலும் எழுதுவோம், சுற்றும்போது யாரும் படிக்க முடியாது என்றாலும். பெயர் போடாத உபயம் உபயமே இல்லை.

ஆர்ச்சைத் தலைவர் எடுத்துக்கொண்டார். பெஞ்சுகள் சூடாகப் போயின. விளக்குக் கம்பம், தொட்டி எல்லாம் போய்ச் சாய்தளம் மட்டும் நின்றது.

“அதுல பேர எங்கங்க போடுறது?” என்றார் பாத்திரக்கடை வைத்திருப்பவர்.

“தரையிலதான் போடணும்” என்றார் தலைவர்.

“தரையிலயா? செருப்புக் காலோட மிதிச்சுட்டுப் போவாங்களே. எங்கப்பா பேர ஊரே மிதிக்கிறதுக்கா நான் காசு குடுக்கறேன்?”

எல்லாரும் தலையாட்டினார்கள். பக்கத்துச் சுவரில் ஒரு கல் பதித்துப் பெயர் போடலாமே என்று அத்தனை பேரில் ஒருத்தர் புத்தியிலும் உதிக்கவில்லை.

இங்கேதான் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு வீட்டிலிருந்து கிளம்பும்போது சாய்தளத்தை நான் எடுத்துக்கொள்வது என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. கண்டக்டர் வேலை பார்த்தவர், ஆயுசு பூராவும் நின்றுகொண்டே இருந்த மனுஷன். அவர் பெயரைப் பெரிய எழுத்தில் நான் பார்த்தது இரண்டே தடவை, கல்யாணப் பத்திரிகையிலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும். இன்னொரு தடவை பார்க்க எனக்கு ஆசை. பாத்திரக்கடைக்காரர் சொன்னதும் அந்தப் பெயர் மேல் சேறு அப்பிய செருப்புகள் ஏறி இறங்குவது கண் முன்னால் வந்தது.

“எனக்கு ஒரு பெஞ்சு போட்டுக்கங்க” என்றேன்.

“அப்ப சாய்தளத்தப் பின்னாடி பாத்துக்குவோம். அப்படியே எழுதிக்கங்கம்மா” என்றார் தலைவர். ‘சாய்தளம் பின்னர் பார்த்துக்கொள்ளப்படும்’ என்று எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், முத்து முத்தாக. எல்லாரும் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

பூங்கா தயாரானது. கிராவல் கொட்டி உயர்த்திய தரை, சுற்றிலும் மதில், வாசலில் பளபளவென்று கிரானைட் பதித்த மூன்று படி, மேல் படி தாண்டியதும் தலைவர் கேட்ட இரண்டு இரும்புக் குழாய்த் தடுப்பு. திறந்த அன்றைக்குச் சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி வழக்கம்போல நாலரைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்தாள். முதல் படியில் சக்கரம் முட்டி நின்றது. அவள் இடமும் வலமும் பார்த்தாள், அப்புறம் உள்ளே நின்ற என்னைப் பார்த்தாள்.

“போட்டுருவாங்கடி. பின்னாடி போடுறோம்னு தீர்மானத்துல எழுதியிருக்கு” என்றேன்.

“சரிக்கா” என்றாள். வண்டியை மதில் ஓரம் நிறுத்திவிட்டு மகளை இடுப்பில் தூக்கினாள். பதினாலு வயதுப் பெண்ணின் கால்கள் அம்மாவின் முழங்கால் வரை தொங்கின. மூன்று படி ஏறி, குழாய்களுக்கு நடுவில் மகளின் கால் இடிபடாமல் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி நுழைந்தாள். தினமும் அப்படித்தான். அவளுக்கு மூச்சு வாங்குவது என் வாசல் வரை கேட்கும்.

உள்ளே கொண்டுவந்து உட்காரவைக்கத் தோதாக, முதுகுக்குச் சாய்மானம் இருந்தது என் பெஞ்சில்தான். சாய்மானத்தில் என் வீட்டுக்காரர் பெயர் சிவப்பில் எழுதியிருந்தது. அதில் தலையைச் சாய்த்துக்கொண்டு அந்தப் பெண் சிரிப்பாள்.

“பெரியம்மா, பெரியப்பா மேல சாஞ்சுக்கிட்டு அம்பயரிங் பண்றேன். கோச்சுக்க மாட்டாகள்ல?”

“கோச்சுக்க மாட்டாரு தாயி” என்பேன். அடுத்தடுத்த இரண்டு கூட்டங்களில் சாய்தளத்தைப் பற்றிக் கேட்டேன். “பாப்போம்மா” என்றார் தலைவர். கேட்டேன் என்பதையும் எழுதிக்கொண்டேன். ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு நானே செய்திருக்கலாம். என் நகையை விற்றா செய்யச் சொன்னார்கள்? பென்ஷன் வருகிறது. செய்யவில்லை. நாளைக்கு, அடுத்த மாசம் என்று நாளைக் கடத்தினேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு நாள் நாலு மணிக்கே விட்டு வெயில் அடிக்கவும் பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். அந்தப் பெண்ணும் போகணும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறாள். நான் பெஞ்சில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா மகளைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது படியில் கால் வைத்தாள். ஈரக் கிரானைட், கால் வழுக்கியது. விழும்போதும் மகளை விடவில்லை. ஆனால் அவள் பாரம் முழுக்க அந்தப் பெண்ணின் தொடை மேலேயே இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. நடக்காத கால் எலும்பு சுள்ளி மாதிரி இருக்கும் என்று டாக்டர் அப்புறம் சொன்னார்.

ஆபரேஷன் செய்து பிளேட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உட்காரக் கூடாது, மல்லாந்து படுத்தே இருக்க வேண்டும். பையன்கள் கொஞ்ச நாள் அவள் ஜன்னலுக்கு ஓடிவந்து, அவுட்டா இல்லையா என்று கத்திக் கேட்டார்கள்.

“பாக்காம எப்புடிடா சொல்றது?” என்றாள் உள்ளேயிருந்து.

அப்புறம் அவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டியது. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி வீடு. மார்கழி முடிவதற்குள் போய்விட்டாள். கடைசியாக நான் பார்த்தபோது மூச்சுக்கு நடுவில், “பெரியம்மா, சரிவு போட்டாச்சா?” என்று கேட்டாள். “நடக்குது தாயி” என்று பொய் சொன்னேன். பாவி நான்.

பதினாறு முடிந்த கையோடு தலைவர் கூட்டம் போட்டார். எல்லார் முகத்திலும் உண்மையான வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

“அந்தப் படியிலதான் புள்ள போச்சு. சாய்தளத்த அது பேருலயே போட்டுருவோம். சுவத்துல ஒரு கல்லப் பதிச்சு, போட்டோவோட” என்றார்.

“நானும் சேந்துக்கறேன்” என்றார் பாத்திரக்கடைக்காரர். நான் நீ என்று எல்லாரும் சேர்ந்தார்கள், நானும் சேர்ந்தேன். சுவர் இப்போது எப்படிக் கண்ணில் பட்டது? இத்தனை நாளும் அந்தச் சுவர் எங்கே போயிருந்தது? எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. யாரைத் திட்டுவது? திட்டுகிறவள் பெயர்தான் பெஞ்சில் இருக்கிறதே, புருஷன் பெயருக்குக் கீழே, உபயம் என்று.

“கட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த அவ அம்மாவக் கேட்டுக்குவோம். இல்ல, அந்த வண்டியவாவது கொண்டாந்து அளந்து பாப்போம்” என்றேன்.

“நல்லாருக்கும்மா நீங்க சொல்றது. துக்க வீட்டுல போயி வண்டி என்ன அகலம்னு கேக்குறதா? என்ன நெனைப்பாங்க?” என்றார் தலைவர்.

அதுவும் சரிதான் என்று பட்டது.

பத்தே நாளில் சாய்தளம் வந்துவிட்டது. வழவழப்பில்லாத தரை, ஓரத்தில் கைப்பிடி, சுவரில் கறுப்புக் கல்லில் அந்தப் பெண்ணின் படமும் பெயரும். அந்த வண்டியைப் பூங்காவிலேயே வைத்துவிட்டால் நடக்க முடியாதவர்களுக்கு உதவும் என்று தலைவர் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மாவும் சரி என்றுவிட்டாள்.

திறப்பு அன்றைக்குச் சாயங்காலம் வண்டியைக் கழுவித் துடைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். சரியாக நாலரை மணி. சும்மா வெறும் வண்டி. ரிப்பனை அவளையே வெட்டச் சொன்னார்கள். வெட்டினாள். சுவரில் இருந்த படத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. வண்டியைச் சரிவில் தள்ளினாள், அலுங்காமல் ஏறியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

மேலே போனதும் டங் என்றது. முதல் குழாயில் சக்கரம் இடித்து நின்றது.

வண்டியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துச் சாய்த்துத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் டங். கை தட்டல் நின்றுபோனது. மாடு நுழையாத வழியில் சக்கர வண்டி எப்படி நுழையும்? அவள் மகளைத் தூக்கிக்கொண்டு அந்தக் குழாய்களுக்கு நடுவில் திரும்பித் திரும்பி நுழைந்ததைத் தினமும் பார்த்தவள் நான். எனக்கே தோன்றவில்லையே.

“மடக்கித் தூக்கிரலாம்ல?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“யாருடா அவன்? அந்தக் கொழாய அறுத்து எறிங்கய்யா மொதல்ல! இப்பவே அறுங்க!” என்று கத்தினேன். அத்தனை வருஷத்தில் நான் கூட்டத்தில் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான்.

“பதறாதீங்கம்மா. அது எல்லாருமாச் சேந்து கேட்டு வச்சது, நீங்கதான எழுதுனீங்க? எடுத்துட்டா மாடு வந்துரும். அடுத்த கூட்டத்துல வச்சுப் பேசுவோம்” என்றார் தலைவர், மெதுவான குரலில்.

அதற்குள் அவள் வண்டியைத் திருப்பிவிட்டாள். சரிவில் பின்பக்கமாகப் பார்த்துப் பார்த்து இறக்கினாள், ஆள் உட்கார்ந்திருக்கிற வண்டியை இறக்குகிற மாதிரி. என் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

“அக்கா, அன்னிக்கு நான் சொன்னத எழுதுனீங்கள்ல?”

“எழுதினேன்டி.”

“ம்” என்றாள். தெருவைக் கடந்து போனாள். தன் வீட்டு வாசலில் தானே பூசிய அந்தக் கோணல் சரிவில் வண்டியை ஒரே தள்ளில் ஏற்றி, எங்கும் இடிக்காமல் உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள்.